மணக்கிறேனாம்

எங்கள் கடையில் மூக்குக் கண்ணாடி விற்கிறோம். முன்பக்கம் கண் பரிசோதனை அறை, நடுவில் ஃப்ரேம்கள் வரிசையாக அடுக்கிய சுவர்கள், பின்னால் ஒரு சின்ன அறை. அந்தப் பின்னறையில் லென்ஸைத் தீட்டி ஃப்ரேமுக்குள் உட்காரவைப்பது என் வேலை. பவர் அதிகமுள்ளவர்களுக்கு வருகிற மெல்லிய லென்ஸ்களை இயந்திரத்தில் தீட்டும்போது அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். தண்ணீர் விட்டுக்கொண்டே தீட்டினாலும் போகாது. பழகிப்போன எனக்கே சில நாள் குமட்டும். முதலாளி ஏதாவது கேட்க வந்தால் வாசலில் நின்றே கேட்டுவிட்டு ஓடிவிடுவார். கண் பரிசோதகர் கைக்குட்டை இல்லாமல் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

எங்களோடு வேலை பார்க்கிற ஃப்ரேமம்மா ஒருவர்தான் தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்து, இயந்திரத்தை ஒட்டியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குத் துணையாக ஒருவர் இந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெரிய மனசின் காரணம் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வாசனையே தெரியாது. பிறந்ததிலிருந்தே.

ஃப்ரேமம்மா என்பது கடையில் நாங்கள் வைத்த பெயர். லென்ஸ் போட்டு முடிந்த கண்ணாடியை வாங்குகிறவர் முகத்தில் பொருத்திப் பார்ப்பது அவர் வேலை. கேட்பதற்கு லேசாக இருக்கும். ஆனால் எந்த இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. எந்த மூக்கும் நேராக இருப்பதில்லை. ஒரு காது மேலே, ஒரு காது கீழே என்று படைத்திருப்பதை, காதில் மாட்டுகிற கம்பியைச் சூடுகாட்டி வளைத்து அவர் சமன் செய்வார். மூக்கின் இரண்டு பக்கமும் உட்காருகிற குட்டிப் பட்டைகளை விரல் நுனியால் விரிப்பார், குறுக்குவார். இதையெல்லாம் தள்ளி நின்று செய்ய முடியாது. எதிரில் இருப்பவர் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருக்கும். ஒரு நாளில் எத்தனையோ பேருக்கு அவர் இவ்வளவு கிட்டே போக வேண்டும்.

அவருக்கு ஒரு அக்கா. ஐந்து வயது மூத்தவர். வாசனை தெரியாத விஷயத்தைக் கண்டுபிடித்ததே அந்த அக்காதான். சின்ன வயதில் ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் படம் வரைந்துகொண்டிருந்தாராம். ஓடிவந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தங்கையின் கண்ணைப் பொத்தி, முதலில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்திருக்கிறார், அப்புறம் அப்பாவின் காலுறையை. இரண்டுக்கும் இவர் மரியாதையாக "நல்லா இருக்கு" என்று சொன்னதும், "அம்மா, இவ மூக்கு சும்மா ஒட்டவச்சது" என்று கத்தியிருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, இது இப்படித்தான், செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

யாரும் கேட்காமலே அக்கா அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடம் கிளம்பும்போது தங்கையின் தலைமுடி, சட்டைக் காலர், அக்குள், ஷூ எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஒரே வார்த்தை: "போ." இல்லாவிட்டால் சட்டை மாற வேண்டும். வளர்ந்த பிறகும் இது நிற்கவில்லை. அக்கா கல்யாணமாகிக் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டையே இவரும் பிடித்துக்கொண்டார். இவருக்கும் ஒன்றிரண்டு வரன்கள் வந்தன. உள்ளதை மறைக்காமல் சொல்லிவிடுவார். பால் தீய்ந்தால் எப்படித் தெரிந்துகொள்வாய் என்று ஒரு பையனின் அம்மா கேட்டாராம். நியாயமான கேள்வி என்றுதான் தனக்கும் தோன்றியது என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பி அக்கா வீட்டு வாசலில் நிற்பார். வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு அக்கா வந்து குனிந்து முகர்ந்துவிட்டு, நுரை தெறிக்க "போ" என்பார். இவர் வேலைக்கு வருவார்.

அந்த அக்காவின் மகளுக்குத் தூரத்து ஊரில் இரட்டைக் குழந்தை பிறந்தது. அக்கா உதவிக்குப் போனார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று போனவரைக் குழந்தைகள் விடவில்லை.

அடுத்து ஒரு மழைக்காலம் வந்தது. வெயிலே இல்லாத வாரம். துணி எதுவும் காயவில்லை. ஒரு நாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடி பொருத்த வந்த ஒருவர் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிட்டதாகச் சொன்னார். ஃப்ரேமம்மாவின் மேல் ஊறிப்போன துணி நாற்றம் அடிக்கிறதாம். ஒரு ஆம்பளை இதை எப்படிச் சொல்வது, நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று தலையைச் சொறிந்தார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். அவர் டப்பாவின் மூடியை மெதுவாக மூடினார்.

"எத்தனை நாளா?"

"இந்த மழை ஆரம்பிச்சதுல இருந்துன்னு நினைக்கிறேன்."

"நீ ஏம்மா சொல்லல?"

"என் அறை நாத்தத்துல எனக்கு எதுவுமே தெரியாதே. உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேன்னுதான் முதலாளியும் நினைச்சார்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா, பால், காலுறை, காலையில் வாசலில் நிற்பது எல்லாம். சொல்லும்போது அழவில்லை. முழங்கை இரண்டையும் விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் என் அறையில் அவர் உட்கார்ந்தது பெரிய மனசால் இல்லையா என்று கேட்டே விட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இங்க நாறுமா?" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். நாற்றம் தெரியாமல் உட்கார்ந்தாலும் துணைக்கு உட்கார்ந்தது உட்கார்ந்ததுதானே. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அவர் பயந்துபோனார். துவைத்ததையே திரும்பத் துவைத்தார். ஒரு பெரிய சென்ட் புட்டி வாங்கிவந்து, குளித்ததும் அடித்து, பஸ்ஸில் இறங்கியதும் அடித்து, கடைக்குள் நுழையும் முன் இன்னொரு தடவை அடித்துக்கொள்வார். போதுமா போதாதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி பொருத்திக்கொள்ள வந்தவர்கள் தும்மினார்கள். தும்மலில் கண்ணாடி கீழே விழுந்தது. முதலாளி மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். போன மாதம் ஊறல், இந்த மாதம் மூச்சு முட்டுகிறது, நடுவில் ஒரு நிலைமை கிடையாதா என்று கேட்டார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தைலக்காரம்மா எங்கள் கடைக்கு வந்தார்.

வயது அறுபதை ஒட்டி இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கறை படிந்த விரல்கள். ஒரு காலத்தில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, தன் கையாலேயே வாசனைத் தைலங்கள் கலக்கிறார். கம்பெனி கிடையாது, ஆள் கிடையாது. கலப்பது, வடிப்பது, சின்னச் சின்ன புட்டிகளில் நிரப்புவது, பெயர் எழுதி ஒட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை போட்டு விற்பார். கண் மங்கி, சொட்டுக் குழாயின் கோடுகள் தெரியாமல் போனதால் கண்ணாடிக்கு வந்திருந்தார்.

ஃப்ரேமம்மா குனிந்து கண்ணாடியை மாட்டியதும் அவர், "சென்ட் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஃப்ரேமம்மா கையை எடுக்காமலே, "எவ்வளவு தூக்கல்?" என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்கு இழுப்பதாகத் தோன்றியிருக்கும். இவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தைலக்காரம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. கண்ணாடி பொருத்தி முடிந்த பிறகும் அவர் எழுந்துபோகவில்லை. ஃப்ரேமம்மாவின் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் தைலத்தைப் பற்றிச் சொன்னார்.

"தைலம்னா தலைவலிக்குத் தேய்க்கிறதா?" என்றார் ஃப்ரேமம்மா.

"இது தலைவலி கொடுக்காத தைலம்" என்றார் அவர்.

சென்ட் காற்றில் பறக்கும், அறை முழுவதும் போய் நிற்கும். எண்ணெய் எங்கேயும் போகாது, போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல எழுந்து வரும். கையெட்டும் தூரத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும், எட்டி நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. இப்படியெல்லாம் விளக்கிவிட்டு, "உங்க வேலைக்கு இதுதான் சரி. ஒரு மணிக்கட்டுல ஒரு சொட்டு, கழுத்துல ஒரு சொட்டு. அதுக்கு மேல போடாதீங்க. அளவு தெரியறதுக்கு மூக்கு எதுக்கு? சொட்டு போடற கை போதும்" என்றார்.

ஃப்ரேமம்மாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்துப்போய்விட்டது. சாப்பிடும்போது என்னிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் எந்தத் தைலம்? மற்றவர்கள் முகர்ந்து பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். இவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? போட்டுக்கொண்டு போங்கள், ஊர் சொல்லட்டும் என்றார் தைலக்காரம்மா. முதல் புட்டி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்த நாட்களில் கடையில் எல்லோருக்கும் பசி எடுத்தது. கண் பரிசோதகர் பதினோரு மணிக்கே டப்பாவைத் திறந்தார். வந்தவர்கள் எல்லாம் பக்கத்தில் பேக்கரி இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஏலக்காயும் வெல்லப்பாகும் மாதிரி இருந்தது அது. இரண்டாவது புட்டியில் கிராம்பு தூக்கல். கண்ணாடி மாட்டிக்கொள்ள வந்த ஒரு சின்னப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பல் டாக்டரிடம் கூட்டிவந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி, உன் பல்லை நான் தொட மாட்டேன், காதை மட்டும் தொடுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டுத் தைலக்காரம்மா வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு, வீட்டுக்கே வாருங்கள், உங்களைப் பார்த்துக்கொண்டே கலக்க வேண்டும் என்று கூப்பிட்டார். ஃப்ரேமம்மா துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

சின்ன அறை. சன்னலில் கனமான திரை. வெயில் பட்டால் எண்ணெய் கெட்டுவிடுமாம். சுவர் முழுக்கப் பலகைகளில் பழுப்பு நிறப் புட்டிகள். தைலக்காரம்மா ஒவ்வொன்றாகத் திறந்து காகிதக் கீற்றில் தொட்டு நீட்டினார். எனக்குத் தலை கிறுகிறுத்தது; ஃப்ரேமம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் வாங்கி மூக்கருகில் வைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு கீற்றை வைத்ததும் சடக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஜில்லுனு இருக்கு."

தைலக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். அது புதினா எண்ணெய். வாசனை தெரியாதவர்களுக்கும் மூக்குக்குள் அதன் குளிர்ச்சி தெரியும் என்று அவர் படித்திருந்தாராம். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னொரு முறை வைக்கச் சொன்னார். ஃப்ரேமம்மா வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூக்குக்குள்ளே யாரோ சன்னலைத் திறந்த மாதிரி இருக்கிறது என்றார்.

"அப்ப இதுல ஒரு துளி கட்டாயம் போடறேன்" என்றார் தைலக்காரம்மா. "ஊரெல்லாம் உங்களை மோந்து பார்க்குது. உங்களுக்கும் அதுல ஒரு பங்கு வேணாமா?"

ஃப்ரேமம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் காகிதக் கீற்றை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது தைலம் அப்படி வந்ததுதான். ஆரஞ்சுத் தோல், புதினா, தேவதாரு மரம், ஏதோ ஒரு வேர், இன்னும் தைலக்காரம்மா சொல்லாத இரண்டு மூன்று பொருட்கள். போட்டுக்கொள்ளும் விதத்தையும் அவர் சொல்லிக் கொடுத்தார். மணிக்கட்டில் வைத்து மற்ற மணிக்கட்டால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தொட்டு எடுத்தால் போதும். எண்ணெய் தோலில் இறங்கும்வரை துணி படாமல் இருக்க வேண்டும். ஃப்ரேமம்மா அந்த இடைவெளியில்தான் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோவார். ஜில்லென்று வரும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். அது வந்தால் தைலம் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு அன்றைய நாள் மற்றவர்களுடையது என்று சொல்வார்.

அந்த மற்றவர்களில் நான் முக்கியமானவள். காலையில் அவர் உள்ளே நுழையும்போது ஆரஞ்சுப் பழத்தை அப்போதுதான் உரித்த மாதிரி இருக்கும். மத்தியானம் என் அறை நாற்றத்தில் ஒன்றும் தெரியாது என்பதால் இரண்டு பேரும் பின்வாசலுக்கு வெளியே போவோம். அவர் கையை நீட்டுவார். நான் மணிக்கட்டை முகர்வேன். பழம் காணாமல் போயிருக்கும். பென்சில் சீவின வாசனை வந்திருக்கும். சாயங்காலம் கடையைப் பூட்டுகிறபோது அதுவும் அடங்கி, என்னவென்று பெயர் சொல்லத் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கும். கதகதப்பான ஒன்று. எனக்கு வார்த்தை கிடைக்காமல் ஒரு நாள் தைலக்காரம்மாவிடமே கேட்டோம். வாசனை தெரியாதவரிடம் வாசனையை வாசனையால் சொல்லிப் பயனில்லை என்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: காலையில் உரித்த பழத்தைக் கையில் வைத்திருக்கிற மாதிரி, ஈரமாக, கொஞ்சம் கூச்சமாக. மத்தியானம் இழைத்த மரப்பலகையில் உள்ளங்கையை ஓட்டுகிற மாதிரி. சாயங்காலம் தூங்கி எழுந்த குழந்தையின் பிடரியில் கை வைக்கிற மாதிரி.

"இது புரியுது" என்றார் ஃப்ரேமம்மா. "இதுவரைக்கும் யாரும் எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்ல."

கடையிலும் மாற்றம் தெரிந்தது. யாரும் தும்மவில்லை, திரும்பிக்கொள்ளவில்லை. அதைவிட, அவருடைய முழங்கைகள் விலாவை விட்டுப் பிரிந்தன. முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பொருத்துவார். இப்போது நிதானமாகக் குனிந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் கண்ணாடி நழுவுகிறது, நழுவுகிறது என்று அடிக்கடி வந்தார். ஒவ்வொரு தடவையும் ஃப்ரேமம்மா சோதித்துப் பார்த்துவிட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது என்பார். அப்படியா என்று அவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். புதுத் துணியைப் பிரித்த மாதிரி இருக்கிறது என்று அவர் ஒரு நாள் சொன்னதை ஃப்ரேமம்மா ஓடிவந்து என்னிடம் சொன்னார்.

இப்படி இருக்கும்போது அக்கா விடுமுறைக்கு வந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், பழக்கதோஷத்தில் குனிந்து தங்கையின் கழுத்தை முகர்ந்திருக்கிறார். பிறகு நிமிர்ந்து, "யார் இது?" என்று கேட்டாராம். சிரிப்புக்காகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விவரம் எல்லாம் கேட்டதும் முகம் சின்னதாகிவிட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. காலையில் தங்கை வேலைக்குக் கிளம்பி வழக்கம்போல வாசலில் நின்றபோது, எனக்கு இங்கே என்ன வேலை, அதுதான் எண்ணெய் இருக்கிறதே என்று உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை சமையலறையில் வைத்துக் கேட்டேவிட்டார். நான் இருந்தவரைக்கும் உனக்கு இதெல்லாம் தேவைப்படவில்லையே, நான் சரியாகப் பார்க்கவில்லையா என்று.

ஃப்ரேமம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாராம்: "நீ இருந்தவரைக்கும் நான் நாறல. இப்ப மணக்கறேனாம். ரெண்டும் வேற வேறக்கா."

அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தத் தைலக்காரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சண்டை வந்தால் விலக்கிவிட என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சண்டை வரவில்லை. அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாப் புட்டிகளையும் முறைத்துப் பார்த்தார். தைலக்காரம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். பிறகு, தங்கச்சிக்குக் கொடுக்கிறதையே எனக்கும் ஒரு புட்டி கொடுங்கள், அங்கே போனால் அதை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்போதுதான் அவருடைய கோபம் எதனால் என்று எனக்குப் புரிந்தது.

தைலக்காரம்மா அதே புட்டியிலிருந்து ஒரு சொட்டு அக்காவின் மணிக்கட்டிலும் ஒரு சொட்டு தங்கையின் மணிக்கட்டிலும் வைத்தார். உடனே முகர வேண்டாம், உடம்பு சூடு ஏறட்டும் என்று பேச்சை வேறுபக்கம் திருப்பினார். இரட்டைக் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். அக்கா கைப்பேசியில் படங்களைக் காட்டினார். ஒருவன் எல்லாவற்றையும் வாயில் போடுவான், இன்னொருவன் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்வான் என்றார். எல்லோரும் சிரித்துப் பேசி முடித்த பிறகு, இப்போது பாருங்கள் என்றார் தைலக்காரம்மா.

அக்கா தன் மணிக்கட்டை முகர்ந்தார். புருவம் சுருங்கியது. தங்கையின் கையை இழுத்து முகர்ந்தார். மறுபடியும் தன்னுடையது. மறுபடியும் தங்கையுடையது. பிறகு என்னிடம் இரண்டு கைகளையும் நீட்டினார். நானும் பார்த்தேன். அக்காவின் கையில் மரம் தூக்கலாக, கொஞ்சம் கசப்பாக, அவர் சுபாவம் மாதிரியே கறாராக இருந்தது. தங்கையின் கையில் அதே எண்ணெய் மெத்தென்று இருந்தது.

"இது வேற புட்டியா?"

"ஒரே புட்டிதான். நீங்க பார்க்கத்தானே ஊத்தினேன்." தோலுக்குத் தோல் மாறும் என்று விளக்கினார் தைலக்காரம்மா. எண்ணெய் பாதி, உடம்பு பாதி. அந்த மெத்தென்ற பாதி நான் கலந்தது இல்லை, உங்கள் தங்கை கொண்டுவந்தது என்றார்.

அக்கா தங்கையின் மணிக்கட்டை விடவே இல்லை. மூக்கருகிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்து தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "தினமும் உன்னை மோந்து பார்த்தேன். ஏதாவது கெட்டிருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன். உன் வாசனை என்னன்னு ஒரு நாள்கூடப் பார்க்கலடி. நல்லா இருக்கு. நல்லா இருக்கடி நீ."

ஃப்ரேமம்மா என் முன்னால் அழுதது அன்றைக்கு மட்டும்தான். தன் உடம்பில் இருந்து வரக்கூடியது ஒரு குற்றம், யாராவது கவனித்துக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டியது என்றுதான் அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கென்று நல்லதாக ஒன்று இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் அக்காவிடம், "நீ தினமும் போன்னு சொன்னதாலதான்க்கா நான் எங்கயாவது போனேன். இல்லன்னா வீட்டை விட்டே வெளிய வந்திருக்க மாட்டேன்" என்றார்.

அக்கா, போதும் போதும் என்று கையை உதறிவிட்டு, தேநீர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குக் கழுவப் போய்விட்டார். நன்றி என்று வாயால் சொன்னால் அவருக்குப் பிடிக்காதாம். தைலக்காரம்மா பின்னாலேயே ஓடினார். இரண்டு பேரும் உள்ளே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது அக்கா தங்கையுடைய தைலத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. தனக்கென்று ஒன்றைக் கலக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். கசப்பைக் குறைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாராம்.

அக்கா போன பிறகு ஃப்ரேமம்மா தைலக்காரம்மாவுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று யோசித்தார். சனிக்கிழமை மத்தியானத்தோடு எங்கள் கடை மூடிவிடும். அதன் பிறகு சந்தைக்குப் போய் அவருடைய மேசையில் உதவிக்கு நிற்கத் தொடங்கினார். வாசனை தெரியாதவர் வாசனை விற்பதா என்று கண் பரிசோதகர் கேலி செய்தார். ஆனால் கூட்டம் இவரிடம்தான் அதிகம் நின்றது. மற்ற இடங்களில் இது ரோஜா, இது சந்தனம், அருமையாக இருக்கும் என்று விற்பார்கள். இவருக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. ஒரு சொட்டைக் கையில் வைத்து, சாயங்காலம்வரை பொறுங்கள், வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த வாரம் வந்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். தைலக்காரம்மாவுக்கு முதலில் திக்கென்று இருந்ததாம். போனவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்தார்கள், கேட்ட ஆளையும் கூட்டிக்கொண்டு.

போன சனிக்கிழமை நானும் காய்கறி வாங்கப் போனவள் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். நடு வயது, தயங்கித் தயங்கி ஒரு புட்டியைக் காட்டினார். ஃப்ரேமம்மா ஒரு சொட்டு வைத்துவிட்டு வழக்கமான பேச்சைச் சொன்னார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்" என்றார்.

ஃப்ரேமம்மா ஸ்டூலை எடுத்து மேசைக்குப் பின்னால் போட்டு அவரை உட்காரச் சொன்னார். சூடு ஏறக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை இருங்கள் என்றார். லாரிக்காரர் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று ஃப்ரேமம்மா கேட்க, வெங்காயம் என்று அவர் சொல்ல, எனக்கு வெங்காயம் உரித்தால் கண்ணீர் மட்டும்தான் வரும், நாற்றம் தெரியாது என்று இவர் சொல்ல, அவர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு ஃப்ரேமம்மா என்னைப் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து லாரிக்காரர் நீட்டிய கையை முகர்ந்தேன். மிளகும், எரிந்து அணைந்த விறகும், கடைசியில் எதிர்பாராமல் கொஞ்சம் தேனும் இருந்தது. அப்படியே சொன்னேன்.

"தேனா?" என்று கேட்டுவிட்டு அவரும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்.